செட்டிநாட்டிலிருந்து சிங்கப்பூர்: கோயில், அருங்காட்சியகம், கடற்கரை என்று ஒரு முழு நாள் சுற்ற

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் எத்தனையோ வீடுகளில் சிங்கப்பூரில் ஒரு மகனோ மருமகளோ உண்டு. பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, முஸ்தபாவில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தீவைப் பார்ப்பதற்கென்று ஒரு முழு நாளை ஒதுக்குவோர் குறைவு. ஒதுக்கினாலும் அந்த நாள் இரண்டு காரணங்களால் வீணாகிறது. ஒன்று, காகித வேலைகளை முன்பின்னாகச் செய்து கடைசி வாரத்தில் பதறுவது. இன்னொன்று, ஒரே நாளில் ஏழெட்டு இடங்களைத் திணிப்பது. ஒரு கோயில், இரண்டு அருங்காட்சியகம், மாலையில் கடலோரம். ஒரு நாளுக்கு இதுவே நிறைவு. அதற்கு வேண்டியவை வரிசையாக இதோ.

1. முதலில் கிழமையைப் பாருங்கள்

டிக்கெட்டுக்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும். லிட்டில் இந்தியாவில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையம் என்ற அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும். மற்ற நாள்களில் காலை 10 முதல் மாலை 6 வரை. ஆகவே சுற்றும் நாள் திங்களாக அமையக் கூடாது. தைப்பூசத்தன்று டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் காவடிக் கூட்டம் இருக்கும். கும்பிடப் போகிறவர்களுக்கு அது நல்ல நாள், அருங்காட்சியகம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஆகாது. சீனப் புத்தாண்டை ஒட்டிய இரண்டு நாள்களையும் தவிர்த்துவிடுங்கள், பல கடைகள் திறக்கமாட்டார்கள்.

2. பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறது?

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். அதற்குள் முடிகிறதென்றால் புதுப்பித்த பிறகே மற்ற வேலை. பெரியவர்களுக்கான 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலும் 2,000.

அதிகத் தொல்லை தருவது பெயர்தான். ஆதாரில் ‘க. மீனாட்சி’ என்றும் பாஸ்போர்ட்டில் பெயர் ‘மீனாட்சி’, குடும்பப் பெயர் ‘கண்ணப்பன்’ என்றும் இருக்கும். டிக்கெட் போடுகிறவர் ஆதாரைப் பார்த்து இன்ஷியலோடு போட்டுவிடுவார். டிக்கெட், விசா, வருகை அட்டை மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்துக்கு எழுத்து, பெயர் இருக்க வேண்டும். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால், அந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்பதற்கு விமான நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறுபடும். கேட்டுவிட்டுப் போடுங்கள், ஊகித்துப் போடாதீர்கள்.

நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஐயா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால், சேர்ந்து போகும் குடும்பத்தில் ஒரே பெயரில் இரண்டு பாஸ்போர்ட் இருக்கும். ஐயாவின் பாஸ்போர்ட் எண்ணைப் பேரன் பெயரில் ஏற்றிவிடுவது எளிதாக நடக்கிற தவறு. முகவரிடம் கொடுக்கும்போது ஒவ்வொரு நகலிலும் பிறந்த ஆண்டைப் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

‘இ.சி.ஆர்.’ முத்திரை இருப்பதால் போக முடியாதோ என்று சிலர் கவலைப்படுகிறார்கள். அது குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான கட்டுப்பாடு. சுற்றுலாவுக்கும் சிங்கப்பூருக்கும் அது தடையல்ல.

3. விசா

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். போய் இறங்கி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது. விண்ணப்பக் கட்டணம் 30 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்), மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. வெள்ளி ஒன்றுக்கு ஏறத்தாழ 70 ரூபாய் என்று வைத்தால் 2,100 ரூபாய். அதற்கு மேல் முகவர் கேட்பது அவருடைய கூலி. இரண்டையும் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

விண்ணப்பிக்க இரண்டு வழி உண்டு. சிங்கப்பூர்த் தூதரகம் அங்கீகரித்த முகவர் மூலம் போவது ஒன்று, அந்தப் பட்டியல் தூதரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. நம்மூர்ப் பயண அலுவலகம் அந்தப் பட்டியலில் இல்லாமல் சென்னையில் வேறொருவருக்கு அனுப்பி வைப்பதாக இருந்தால், இடையில் ஒரு கை கூடும், நாளும் கூடும். மற்றொரு வழி அங்குள்ள உறவினர் இணையத்தில் விண்ணப்பிப்பது. அவர் 21 வயது நிறைந்த சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். மகன் வேலை அனுமதியில்தான் இருக்கிறார் என்றால் முகவர் வழியே போய்விடுங்கள்.

தேவையானவை: நிரப்பிக் கையெழுத்திட்ட 14ஏ படிவம், பாஸ்போர்ட் முகப்புப் பக்கத்தின் நகல், வெள்ளைப் பின்னணியில் 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் அண்மையில் எடுத்த படம். தங்குமிட விவரமும் போகவரப் பயணத் திட்டமும் கூடவே கேட்பார்கள். படத்தில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். நம் ஸ்டூடியோக்களில் முகத்தை வெளுப்பாக்கி, தழும்பை அழித்துத் தருவதை ஒரு மரியாதையாகவே செய்வார்கள். ‘ஒன்றும் செய்யாமல் அப்படியே கொடுங்கள்’ என்று சொல்லி வாங்குங்கள்.

பயணத் தேதிக்கு 30 நாள்களுக்குள்தான் விண்ணப்பிக்க வேண்டும். மூன்று வேலை நாளில் முடிவதும் உண்டு, இழுப்பதும் உண்டு. 25 நாள் இருக்கையில் கொடுத்துவிட்டால் நிம்மதி. விசா மின்னஞ்சலில் வரும், பாஸ்போர்ட்டில் ஒட்டமாட்டார்கள். வந்தவுடன் அச்செடுத்து, பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எண்ணை விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தப் பிழையை ஊரில் இருக்கும்போது திருத்துவது சுலபம், திருச்சி விமான நிலையக் கவுண்டரில் நின்றுகொண்டு திருத்த முடியாது.

4. டிக்கெட்

திருச்சியிலிருந்து நேரடி விமானங்கள் இருக்கும்போது சென்னைக்குப் போக வேண்டியதில்லை. நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருப்பதால், நாம் போகும்போது திருச்சி ஊருக்குள் நுழையவே தேவையில்லை. காரைக்குடியிலிருந்து திருமயம், புதுக்கோட்டை வழியாகக் காரில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து என்றால் விமான நிலையத்தில் நிற்குமா என்று நடத்துநரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.

மலிவு டிக்கெட் இரண்டு மூன்று மாதம் முன்பே கிடைக்கும், விசாவுக்கோ 30 நாளுக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. முன்பு போய்வந்து எந்தச் சிக்கலும் இல்லாதவர்கள் துணிந்து மலிவு டிக்கெட் எடுக்கலாம். எப்போதாவது விசா மறுக்கப்பட்டவர்களும், அனுமதித்த நாளுக்கு மேல் தங்கியவர்களும் கொஞ்சம் கூடக் கொடுத்துத் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுப்பதே நல்லது.

இரண்டு பொறிகள். முதலாவது நள்ளிரவு விமானம். டிக்கெட்டில் ‘15ஆம் தேதி 00.50’ என்றிருந்தால், 14ஆம் தேதி இரவு எட்டரைக்குள் காரைக்குடியில் வண்டி ஏற வேண்டும். 15ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இரண்டாவது பெட்டி எடை. குறைந்த கட்டண விமானங்களின் சில டிக்கெட்டுகளில் கையில் கொண்டுபோகும் எடை மட்டும்தான் சேர்ந்திருக்கும். பெட்டிக்கு முன்பே இணையத்தில் கட்டினால் ஒரு விலை, கவுண்டரில் போய்க் கட்டினால் அதைவிட மிகக் கூடுதல்.

5. வருகை அட்டை

விசா கிடைத்தாலும் ஒவ்வொருவரும் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியாக வேண்டும். இரண்டும் வேறு வேறு. இறங்குவதற்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் ஏற்கும், ஒரு வாரம் முன்னால் முயன்றால் ஏற்காது. கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை உட்கார்ந்து முடித்துவிடுங்கள். ஆளுக்குப் பத்து நிமிடம் ஆகும்.

இதற்கு ஒரு காசும் கிடையாது. இணையத்தில் தேடினால் அரசுத் தளம் மாதிரியே தோற்றம் காட்டி, அட்டை எண் கேட்டுப் பணம் பிடுங்கும் தளங்கள்தான் முதலில் வந்து நிற்கும். குடிநுழைவுத் துறையின் தளத்தையோ அதன் செயலியையோ மட்டும் பயன்படுத்துங்கள். பணம் கேட்டால் தவறான இடத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள்.

தங்கும் முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு கேட்கும். மகன் வீட்டு முகவரியை வாட்ஸாப்பில் குறியீட்டோடு முன்பே வாங்கி வையுங்கள். மின்னஞ்சலும் சரியாக இருக்க வேண்டும். அங்கே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, எத்தனை நாள் தங்கலாம் என்பது அந்த மின்னஞ்சலுக்குத்தான் வரும். பெரியவர்களுக்கு மின்னஞ்சல் இல்லையென்றால் பிள்ளைகளுடையதைக் கொடுங்கள்.

6. பெட்டியில் எது போகலாம், எது கூடாது

முறுக்கு, சீடை, மனகோலம், அதிரசம் எல்லாம் போகலாம். உப்புக்கண்டம் கூடாது. இந்தியாவிலிருந்து இறைச்சியும் இறைச்சி சேர்ந்த பண்டமும் கொண்டுபோக அனுமதியில்லை. மகனுக்குப் பிடிக்கும் என்று கோழிப் பொடிமாஸ் கட்டிக்கொடுப்பதும் அதில் அடங்கும்.

கசகசாவை எடுத்துவிடுங்கள். நம் அடுப்படியில் அது குருமாவுக்கு அரைக்கும் மசாலாதான், சிங்கப்பூரில் போதைப்பொருள் தடுப்புப் பிரிவின் கட்டுப்பாட்டில் வரும் பொருள். தனிப் பொட்டலமாக வேண்டவே வேண்டாம், வீட்டில் அரைத்த மசாலாப் பொடியிலும் அது சேர்ந்திருக்கிறதா என்று ஆச்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெற்றிலைப் பெட்டியில் மெல்லும் புகையிலை இருந்தால் அதுவும் தடை. சூயிங்கம், மின்சிகரெட் தடை. சிகரெட் ஒரு பாக்கெட்டுக்கும் வரிவிலக்குக் கிடையாது. மாத்திரைகளை டப்பாவில் கொட்டிக் கலக்காமல், வாங்கிய அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் வையுங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றுக்கு முன் அனுமதி கேட்பார்கள்.

ஒரு குடையும் ஒரு சால்வையும் கைப்பையில் இருக்கட்டும். ஆண்டு முழுவதும் அங்கே பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். அருங்காட்சியகத்துக்குள் குளிர் எலும்பில் இறங்கும்.

7. காசும் அட்டையும்

வெளிநாட்டுப் பணம் மாற்ற உரிமம் பெற்ற இடத்தில் பாஸ்போர்ட்டும் பான் அட்டையும் காட்டி மாற்றுங்கள், ரசீது வாங்குங்கள். 10, 50 வெள்ளித் தாள்களாகக் கேளுங்கள். இந்திய ரூபாய் ஆளுக்கு 25,000 வரைதான் கொண்டுபோகலாம்.

ரயிலுக்கும் பேருந்துக்கும் டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. தட்டிச் செலுத்தும் வசதி உள்ள விசா, மாஸ்டர்கார்டு அட்டையை வாயிலில் காட்டினால் போதும். ரூபே அட்டையை நம்பிப் போகாதீர்கள். கிளம்புமுன் வங்கிச் செயலியில் ‘வெளிநாட்டுப் பயன்பாடு’, ‘தட்டிச் செலுத்தல்’ இரண்டையும் திறந்துவிட வேண்டும், நம் அட்டைகளில் பெரும்பாலும் இவை மூடியே இருக்கும். வெளிநாட்டு அட்டைக்குப் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர்க் காசு நிர்வாகக் கட்டணம் உண்டு. ஒரு அட்டைக்கு ஒரு ஆள்தான். நால்வர் போனால் நான்கு அட்டை வேண்டும், இல்லாதவர்களுக்கு ஸ்டேஷனிலேயே பயண அட்டை வாங்கலாம். ஏறும்போது எந்த அட்டையைத் தட்டினீர்களோ, இறங்கும்போதும் அதையே தட்ட வேண்டும். மறந்தால் அதிகபட்சக் கட்டணம் பிடித்துவிடும்.

வங்கியின் ஓடிபி வருவதற்காக இந்திய சிம்மில் ரோமிங்கைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய செலவு, தங்குமிடம் தவிர, ஆளுக்கு 60 முதல் 80 வெள்ளி வரை வரும். அதில் ஒரு நல்ல பங்கு அருங்காட்சியக நுழைவுக்கே போகும். ‘அருங்காட்சியகம் எல்லாம் இலவசம்’ என்று அங்கிருக்கும் உறவினர் சொல்வார். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம், நமக்குக் கட்டணம் உண்டு. 60 வயது கடந்தவர்களுக்கும் மாணவர்களுக்கும் சலுகை இருக்கிறது. பாஸ்போர்ட்டையும் கல்லூரி அட்டையையும் கையில் வையுங்கள்.

8. இறங்கியதும்

கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். குடிநுழைவு பெரும்பாலும் தானியங்கி வாயிலில் முடிந்துவிடும். சமையலிலும் வயலிலும் உழைத்துத் தேய்ந்த கைரேகை சில பெரியவர்களுக்கு எந்திரத்தில் பதியாது. பதற்றப்படாமல் அதிகாரியின் கவுண்டருக்குப் போகச் சொல்லுங்கள். எங்கே தங்கல், எத்தனை நாள், திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்பார்கள், மூன்றுக்கும் சுருக்கமாகப் பதில் சொன்னால் போதும்.

ரயில் நிலையம் 2, 3ஆம் முனையங்களுக்கு இடையில் இருக்கிறது. முதலாம் முனையத்தில் இறங்கினால் இலவசக் குட்டி ரயிலில் அங்கே போகலாம். காலையில் இறங்கினால் விடுதி அறை பிற்பகல்தான் கிடைக்கும், பெட்டியை முன்மேசையில் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஆனால் இரவு விமானத்தில் தூங்காமல் வந்த பெரியவர்களை அன்றே சுற்ற வைக்காதீர்கள். மறுநாள் வையுங்கள்.

9. அந்த ஒரு நாள்

காலை 8: டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில். 1859இல் நகரத்தார் எழுப்பியது. நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள் என்பதால் இதை முதலில் வைக்க வேண்டும். ஃபோர்ட் கேனிங் ஸ்டேஷன் மிக அருகில்.

அங்கிருந்து லிட்டில் இந்தியாவுக்குப் போகையில் ஒரு பொறி. வரைபடத்தில் இரண்டும் ஒரே நீலத் தடத்தில் இருப்பதைப் பார்த்து ஏறிவிடுவார்கள். அந்தத் தடம் மரினா பே வரை வளைந்து ஊரையே சுற்றிக்கொண்டு வரும். டோபி காட் ஸ்டேஷனுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நடந்துபோய், ஊதாத் தடத்தில் ஒரே நிறுத்தம் போனால் லிட்டில் இந்தியா. நடக்க முடியாதவர்கள் டாக்சி பிடிக்கலாம். காலைப் பலகாரத்தை அங்கே முடித்துக்கொள்ளுங்கள்.

காலை 10: கேம்பல் சந்தில் இந்திய மரபுடைமை நிலையம். 2015இல் திறந்தது. மின்தூக்கியில் மேல்தளத்துக்குப் போய்ப் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். இங்கே நாம் நிற்க வேண்டிய இடம், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த செட்டிநாட்டு வீட்டு நிலைவாசல். மூன்று மீட்டருக்கு மேல் உயரம், ஆயிரக்கணக்கான நுண்செதுக்கல்கள். இதுபோன்ற நிலைகள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தூண் வேறு, உத்தரம் வேறு என்று கழற்றிச் சாத்திக் கிடப்பதைப் பார்த்திருப்போம். இங்கே முழுதாக, நல்ல வெளிச்சத்தில் நிற்கிறது. முதலில் நாலடி தள்ளி நின்று முழு நிலையைப் பாருங்கள். பிறகு கிட்டப்போய், கண் மட்டத்தில் ஒரு சாண் அகலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கீழிருந்து மேலாகப் பாருங்கள். விரற்கடை அளவில் உளி எப்படித் திரும்பியிருக்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும். தொடக் கூடாது, ஃபிளாஷ் போடக் கூடாது. பிள்ளைகளுக்கு நம் வீட்டைப் பற்றிச் சொல்ல இதைவிடத் தோதான இடம் அந்தத் தீவில் வேறில்லை. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

நண்பகல்: தேக்கா நிலையத்தில் சாப்பாடு, 5 முதல் 8 வெள்ளிக்குள். சாப்பிட்ட தட்டை நாமே திருப்பி வைக்கும் இடத்தில் வைக்க வேண்டும், இது சட்டம். மேசையில் ஒரு டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் அது யாரோ பிடித்து வைத்த இடம். தண்ணீர் காசு கொடுத்து வாங்க வேண்டாம், குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். ரயிலுக்குள் மட்டும் தண்ணீர்கூடக் குடிக்காதீர்கள், அபராதம் 500 வெள்ளி வரை.

பிற்பகல் 1.30: ஆசிய நாகரிக அருங்காட்சியகம். வெயிலும் மழையும் மாறி மாறி வரும் நேரத்தை இதற்குள் கழிப்பதுதான் கெட்டிக்காரத்தனம். டோபி காட்டில் சிவப்புத் தடத்துக்கு மாறி, இரண்டாவது நிறுத்தமான ராஃபிள்ஸ் பிளேசில் இறங்கி ஆற்றைக் கடந்தால் வந்துவிடும். தினமும் காலை 10 முதல் மாலை 7 வரை, வெள்ளிக்கிழமை இரவு 9 வரை. எல்லாக் கூடத்தையும் பார்க்க முயலாதீர்கள். தரைத்தளத்தில், 1998இல் பெலித்தோங் தீவருகே கண்டெடுத்த 9ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சரக்கு இருக்கிறது. கிண்ணங்கள் குவியல் குவியலாக, பல இன்னும் புதிதுபோல. கடல் கடந்து வணிகம் செய்த ஊர்க்காரர்கள் அதற்கு ஒரு மணி நேரம் கொடுக்கலாம். பிறகு தெற்காசியச் சிற்பங்கள். கால் வலிக்கும் பெரியவர்களுக்கு நுழைவிலேயே சக்கர நாற்காலி கேளுங்கள்.

திங்கட்கிழமையைத் தவிர்க்கவே முடியவில்லை என்றால், காலையில் மரபுடைமை நிலையத்துக்குப் பதில் ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் உள்ள தேசிய அருங்காட்சியகம் போகலாம். 1887ஆம் ஆண்டுக் கட்டடம், இன்றுவரை முழுமையாகப் படித்தறியப்படாத சிங்கப்பூர்க் கல்வெட்டுத் துண்டு அதன் சேகரிப்பில் இருக்கிறது.

மாலை 5: ஆற்றோரமாகவே நடந்து மெர்லயன் சிலை. பிறகு கரைவழியாகவோ பேஃபிரன்ட் ஸ்டேஷன் வழியாகவோ ‘கார்டன்ஸ் பை த பே’ என்ற கடலோரப் பூங்கா. உயர்ந்த செயற்கை மரங்களின் அடியில் 7.45க்கும் 8.45க்கும் நடக்கும் ஒளிக்காட்சி இலவசம். புல்லில் துண்டு விரித்துப் படுத்துப் பார்க்கலாம். கண்ணாடி மாளிகைகளுக்கும் மேல்பாலத்துக்கும் தனிக் கட்டணம், இந்த நாளுக்கு அவை வேண்டாம்.

10. திரும்பும்போது

ஒரே கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால், பாஸ்போர்ட்டைக் காட்டி, வரித்தொகை திரும்பப் பெறுவதற்குப் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். விற்பனை வரி 9 விழுக்காடு, அதில் ஒரு பகுதி கைக்கு வரும். விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்னால் வரி திரும்பக் கேட்கும் எந்திரத்துக்குப் போக வேண்டும், சாமானைக் காட்டச் சொன்னால் காட்ட வேண்டியிருக்கும்.

தங்கம் பற்றி ஒரு வார்த்தை. நகைக்கான சுங்கச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்குத்தான். ஒரு வாரம் போய்வரும் நமக்கு அது கிடையாது. ஊரிலிருந்து கழுத்து நிறைய நகையோடு போகிறவர்கள், கிளம்பும் நாளிலேயே திருச்சி விமான நிலையச் சுங்கக் கவுண்டரில் அந்த நகைகளைக் காட்டிச் சான்று எழுதி வாங்குங்கள். அதற்கு நகை ரசீதும் படமும் வேண்டும், கூடுதலாக ஒரு மணி நேரமும் வேண்டும். அந்தத் தாளைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள், பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.